உலக்கைக்கு மூன்றாவது புகார்

அரியலூருக்குப் பக்கத்தில் இருந்த அந்த சிமெண்ட் ஆலை ஒரு நாளைக்கு மூன்று தடவை சங்கு ஊதும். பன்னிரண்டரை மணிக்குச் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். அந்த நேரத்தில் ஆலைக் குவார்ட்டர்ஸில் அலமாரியில் கவிழ்த்திருக்கும் டம்ளர்கள் எல்லாம் ஒன்றையொன்று தொட்டு நலம் விசாரித்துக்கொள்ளும். கல் உடைக்கிற கிரஷருக்கு ராத்திரி பகல் கிடையாது. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, டி பிளாக் குடியிருப்போர் நலச் சங்கம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தது. பிளாக்கில் சத்தம் தாங்கவில்லை. யார் வீட்டிலோ அம்மியில் தேங்காய் அரைக்கிறார்கள்.

சங்கத்தின் செயலாளர் வேணுகோபால், ஆலையின் டைம் ஆபீஸில் தொழிலாளிகளின் டோக்கன் நம்பரைப் பார்த்து ஆஜர் போடுகிற குமாஸ்தா. அவர் ரகசியம் பேசினால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். சாதாரணமாகப் பேசினால் பஸ்ஸே நின்றுவிடும். அப்படிப்பட்டவர்தான் சத்தத்துக்கு எதிராகப் பதினோரு விதிகள் எழுதி, ஆபீஸ் ஸ்டென்சிலில் அடித்து, எட்டு வீட்டுக் கதவையும் தட்டிக் கொடுத்தார். மத்தியானம் ஒரு மணிக்குத் தட்டினார். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் படுத்திருந்த நாலு பேர் எழுந்து வந்து, உறங்குகிறவர்களின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்ற தாளைக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாங்கிப் போனார்கள்.

முதல் விதி, 'குடியிருப்போர் உறங்கும் நேரத்தில் எவரும் எவ்வித ஓசையும் எழுப்பலாகாது.' எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆலையில் ஏ, பி, சி என்று மூன்று ஷிப்ட். ஒருவர் கிளம்பும்போது இன்னொருவர் தலையணையைத் தட்டிப் போடுவார். டி பிளாக்கில் எந்த மணியிலும் யாராவது தூங்கிக்கொண்டே இருந்தார்கள். சட்டப்படி ஒரு வீட்டில் கடுகு தாளிக்க வேண்டுமானால் சங்கு ஊதுகிற அந்த ஒரு நிமிஷத்துக்குள் தாளித்து முடித்துவிட வேண்டும்.

மற்ற விதிகளில் மூன்றுதான் இந்தக் கதைக்கு வேண்டும். ஆறாவது விதி: ஒரு வீட்டின் மேல் மூன்று புகார் வந்தால் பெயர் எஸ்டேட் ஆபீசுக்குப் போகும், குவார்ட்டர்ஸ் ரத்தாகும். ஏழாவது: கொடுத்த புகாரை வாபஸ் வாங்க முடியாது. ஒன்பதாவது: ஒரே குடும்பத்தாருக்குள் ஏற்படும் சத்தத்தில் சங்கம் தலையிடாது. இந்த ஒன்பதாவதை எழுதும்போது வேணுகோபாலுக்கும் அவருடைய சம்சாரத்துக்கும் தினம் காலையில் காபிக்கு முன்பும் பின்பும் நடக்கிற பேச்சுவார்த்தை அவர் ஞாபகத்தில் இருந்திருக்க வேண்டும்.

இந்த விதிகள் அமலுக்கு வந்த இருபதாம் நாள், மாடியில் ஏழாம் நம்பர் வீட்டுக்கு இருசம்மாள் தன் அப்பா அம்மாவோடும் ஒரு கல் உரலோடும் குடிவந்தாள்.

அவளுடைய அப்பா அங்கமுத்து சுரங்கத்தில் டிரில் மிஷின் ஓட்டுகிறவர். வெடி வைப்பதற்குப் பாறையில் ஓட்டை போடுகிற வேலை. பதினொரு வருஷம் ஓட்டை போட்டதில் பாறை இறங்கிப் போனது, காதும் கொஞ்சம் கூடவே போனது. பக்கத்தில் நின்று சொன்னாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அதே பதினொரு வருஷமும் குவார்ட்டர்ஸ் கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் பரம்பரையில் மழைக்கு ஒழுகாத முதல் வீடு இது. குடிவந்த அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் இருந்த பாத்திரங்களை எல்லாம் அம்மா காத்தாயி வழக்கம்போலத் தரையில் பரப்பிவிட்டாள். ஒரு சொட்டு விழவில்லை. அங்கமுத்து சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. இருசம்மாள் அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி பாத்திரங்களைப் பொறுக்கி அடுக்கினாள்.

உரல் விஷயத்துக்கு வரலாம். அங்கமுத்துவுக்குக் காலையில் கம்பங்கூழ் குடிக்காவிட்டால் டிரில் மிஷின் கையில் நிற்காது. கூழுக்குக் கம்பு குத்த வேண்டும். கம்பு குத்த உரல் வேண்டும். நாலு பேர் தோள் கொடுத்து, படிக்கட்டின் மூன்று படிகளுக்கு மூக்கு உடைத்து, அதை மாடிக்குக் கொண்டுவந்து சமையலறையில் உட்கார வைத்தார்கள். காத்தாயிக்கு மூட்டுவலி. உலக்கை இருசம்மாளிடம் வந்தது. வயது இருபத்திரண்டு, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், டைப்ரைட்டிங்கில் லோயர். வேலைக்குப் பதிந்து வைத்துவிட்டு, கூப்பிட்டுக் கடிதம் வருகிறவரைக்கும் கம்பு குத்தினாள். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால், கீழே மூன்றாம் நம்பர் வீட்டு மேல்தளத்திலிருந்து சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிரும்.

மூன்றாம் நம்பரில் இருந்தவன் மாயவன். அரும்பாவூர்க்காரன், ஆலையில் சூளையைப் பார்த்துக்கொள்கிற வேலை, தனி ஆள். கல்யாணம் ஆகாதவனுக்கு ராத்திரி வீட்டில் என்ன ஜோலி என்று சூளையில் கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் தங்கள் சி ஷிப்டை அவனோடு மாற்றிக்கொள்வார்கள். எனவே அவனுக்கு வருஷம் முழுக்க ராத்திரி வேலை, காலை ஏழரைக்குத் தூக்கம், எட்டு மணிக்கு உலக்கை. அவன் வீடு திரும்பும்போது முகம், முடி, புருவம் எல்லாம் சிமெண்ட் பூசியிருக்கும். கண் மட்டும்தான் ஆளுடையது. மாதக்கணக்கில் படிக்கட்டில் எதிர்ப்பட்டும் அவன் முகம் எப்படி இருக்கும் என்று இருசம்மாளுக்குத் தெரியாது.

குடிவந்த மறுநாளே பக்கத்து வீட்டுப் பாப்பாயி வந்து பிளாக்கின் நடைமுறைகளைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பாப்பாயி பம்ப் ஹவுஸ்காரரின் சம்சாரம். அதனால் தண்ணீர் விஷயத்தில் அவள் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

"தண்ணி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாதுடி. எட்டுலேர்ந்து ஒம்போதுக்குள்ள எப்பவாச்சும் வால்வைத் திறப்பாங்க. மொதல்ல கீழ் வூட்டுக்குத்தான் ஏறும். அவங்க ஒட்டடைக் கம்பால மேல ரெண்டு தட்டு தட்டுவாங்க. தட்டுனா தண்ணி வந்துடுச்சுன்னு அர்த்தம். ஓடிப்போயி கொழாயத் திறந்து கொடத்தை வச்சுடு. மத்த வூட்டுக்காரங்க முழிச்சுக்கறதுக்குள்ள நாலு கொடம் புடிச்சுடலாம்."

அது முன்பு மூன்றாம் நம்பரில் இருந்தவர்கள் வைத்திருந்த ஏற்பாடு. அவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். போகும்போது ஒட்டடைக் கம்பை விட்டுவிட்டுப் போனார்கள். அதன் அர்த்தத்தைப் புதிதாக வந்தவனிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை.

எனவே ஒரு நாள் காலை எட்டேகாலுக்கு, தலையணைக்கு அடியில் தலையை வைத்தும் பயனில்லாமல், மாயவன் எழுந்து அந்தக் கம்பால் மேல்தளத்தில் கோபமாக இரண்டு தட்டு தட்டினான். உலக்கை உடனே நின்றது. மேலே திடுதிடுவென்று ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு ஒரே நிசப்தம். 'பரவாயில்லையே, சொன்னால் கேட்கிறார்கள்' என்று அவன் தூங்கிப்போனான். மாடியில் இருசம்மாள் குழாயடியில் குடத்தோடு குத்துக்காலிட்டுக் காத்திருந்தாள். கீழே வந்த தண்ணீர் மேலே ஏற நேரம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? முக்கால் மணி கழித்துத் தண்ணீர் வந்தது. நாலு குடம் பிடித்தாள்.

"கீழ் வூட்டுக்காரரு தங்கமான மனுசன்மா" என்றாள் காத்தாயியிடம். "ராத்திரியெல்லாம் வேலை பாத்துட்டு வந்தும், நமக்காக முழிச்சிருந்து சொல்றாரு."

"ஒண்டிக்கட்டை, என்னத்தத் தின்னுச்சோ" என்றாள் காத்தாயி.

அன்றிலிருந்து ஒயர் கூடை இறங்க ஆரம்பித்தது. மாடி வராந்தாவிலிருந்து கயிற்றில் கட்டி, மூன்றாம் நம்பர் வாசலுக்கு நேராக. ஒரு நாள் கம்பு அடை, ஒரு நாள் கருவாட்டுக் குழம்பும் சோறும், ஒரு நாள் கத்தரிக்காய் கடைசல். சாயங்காலம் தூக்குச்சட்டி கழுவித் துடைத்துக் கூடையில் உட்கார்ந்திருக்கும். கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தால் அவள் மேலே ஏற்றிக்கொள்வாள். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு தடவை சட்டிக்குள் இரண்டு சாமந்திப் பூ இருந்தது. அதைச் சாமி படத்துக்கு வைப்பதா தலையில் வைப்பதா என்று அவள் ஒரு மணி நேரம் யோசித்து, ஒன்று அங்கே ஒன்று இங்கே என்று வைத்தாள்.

இதற்கு இடையில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு புகார் வந்துவிட்டது. இரண்டும் குடிவந்த முதல் மாதத்தில். 'ஏழாம் எண் இல்லத்தில் உலக்கை ஓசை. இப்படிக்கு, கீழ்த்தளவாசி.' புகார் கொடுத்தவர் பெயரைச் சங்கம் வெளியிடாது. கீழ்த்தளத்தில் நாலு வீடு. வேணுகோபாலின் சம்சாரமாகத்தான் இருக்கும் என்று காத்தாயி முடிவுகட்டினாள். அந்த அம்மாளைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமிக் காட்டினாள். இருசம்மாள் உலக்கைக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிப் பார்த்தாள். உரலுக்கு அடியில் கோணிச் சாக்கை மடித்துப் போட்டாள். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி போயிற்று. புகார் வரவில்லை.

தை பிறந்ததும் மூன்றாவது வந்தது.

வேணுகோபாலே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். "ரொம்ப வருத்தமா இருக்கு" என்று பிளாக் முழுக்க அறிவித்தார். அவருடைய மைத்துனன் ராசாங்கம் குவார்ட்டர்ஸ் கேட்டவர்கள் வரிசையில் முதல் ஆளாக இருந்தது தற்செயல்தான். போன வாரம் ராசாங்கத்தின் மனைவி ஏழாம் நம்பர் வாசலில் நின்று, "ஜன்னல் எத்தனை அடி அகலம்?" என்று பாப்பாயியிடம் விசாரித்ததும் அப்படித்தான். "ஞாயித்துக்கெழமை பதினோரு மணிக்கு விசாரணை. திங்கக்கெழமை பேரு மேல போயிடும்" என்று சொல்லிவிட்டு, வருத்தத்தோடு சமையலறையை எட்டிப் பார்த்து அளவெடுத்துக்கொண்டு இறங்கினார்.

வருத்தத்தின் வேகத்தில் ஒரு தப்பு செய்திருந்தார். நகலைக் கொடுப்பதற்குப் பதில் அசல் தாளையே கொடுத்துவிட்டார். 'கீழ்த்தளவாசி' என்பதற்குக் கீழே நீல மையில் ஒரு கையெழுத்து இருந்தது. மாயவன். யகரத்துக்கு வால் சுழித்து, கீழே கோடு போட்டு.

அங்கமுத்துவுக்கு அதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கூழ்ச் சட்டியை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார். "நல்ல வூடு" என்றார். அவ்வளவுதான். பிறகு கூழே வேண்டாம், காலையில் இரண்டு பன் தின்றுவிட்டுப் போகிறேன் என்றார். அந்தப் பன்தான் இருசம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்குக் கூடையை இறக்கினாள். தூக்குச்சட்டிக்குள் அந்தத் தாளை மட்டும் மடித்து வைத்திருந்தாள். வராந்தாவிலேயே நின்றாள். கீழே மூடி திறக்கிற சத்தம். கயிறு கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் படிக்கட்டில் காலடி கேட்டது.

பாதி குளியலில் வந்திருந்தான். முகத்தில் இருந்த சிமெண்ட் கழுவிப் போயிருந்தது, காதுமடலில் இன்னும் இருந்தது. 'ஓ, இதுதான் அந்த முகமா' என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"என்னங்க, வெறும் பேப்பரு வந்திருக்கு?"

"உங்க கையெழுத்துதானே? அழகா இருக்குதுங்க. கோடெல்லாம் போட்டிருக்கீங்க."

"இது நான் ஆவணியில போட்டதுங்க! நீங்க குடிவந்த புதுசுல ரெண்டு நாளாத் தூக்கமில்ல. செயலாளர்கிட்டப் போயிச் சொன்னேன். மூணு தாளை நீட்டி, 'மூணுலயும் ஒரேயடியா போட்டுட்டுப் போங்க தம்பி, சும்மாச் சும்மா எதுக்கு அலையறீங்க'ன்னாரு. தூக்கக் கலக்கத்துல போட்டுட்டேன். அதை இப்ப எடுத்து நீட்டுவாருன்னு யாருக்குத் தெரியும்?"

"அதாவது, எங்க முகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடியே எங்க வூட்டுக்குக் கருமாதி பண்ணி வச்சுட்டீங்க. அப்புறம் தெனம் எங்களுக்காக முழிச்சிருந்து தட்டினீங்களே, அது எந்த ஊரு நியாயம்?"

"சத்தத்தை நிறுத்துங்கன்னு தட்டினேன்."

இருசம்மாள் உள்ளே இருந்த குடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப தண்ணி?"

"என்ன தண்ணி?"

அவளுக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கியது. உலர்ந்த குழாய்க்கு அடியில் குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலைகள், 'தங்கமான மனுசன்', கத்தரிக்காய் கடைசல், தலையில் வைத்த சாமந்தி. காது வரைக்கும் சுட்டது. பாப்பாயி சொன்ன கதையைச் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாக ஒலித்தது என்று அவளுக்கே கேட்டது.

மாயவன் சிரித்திருந்தால் தூக்குச்சட்டி அவன் தலையில் இறங்கியிருக்கும். அவன் சிரிக்கவில்லை.

"நான் வேற மாதிரி நெனச்சேங்க. தட்டினதும் நிறுத்திடறீங்க. அப்புறம் சாப்பாடு வருது. மன்னிப்புக் கேக்கறீங்கன்னு நெனச்சேன். இவ்வளவு மரியாதை தெரிஞ்ச பொண்ணு மறுநாளும் ஏன் இடிக்குதுன்னுதான் புரியலை."

"புரியலைன்னா மேல வந்து கேக்கறதுக்குப் படி இருக்குல்ல? சோத்தையும் தின்னுட்டு, மறுநாளும் தட்டுவீங்களா?"

"தட்டலைன்னா கூடை வரலீங்களே."

"என்னது?"

அவன் காதுமடலில் இருந்த சிமெண்டைச் சுரண்டினான். "கார்த்திகையிலயே எனக்குப் பழகிப்போச்சுங்க. நீங்க இடிக்க இடிக்கவே தூங்கிடுவேன். ஒரு நாள் அப்படித்தான் தட்டாமத் தூங்கிட்டேன். எழுந்து பாத்தா வாசல்ல கூடை இல்ல. அப்புறம் அலாரம் வச்சு எழுந்து தட்டிட்டுப் படுத்தேன்."

இருசம்மாளுக்கு வாய்க்குள் ஒரு சிரிப்பு வந்து முட்டியது. அதை அப்படியே விழுங்கினாள். அப்பா தின்ற பன் ஞாபகம் வந்ததால் அது சுலபமாக இறங்கியது.

"உங்களுக்குக் கூடை. எங்க அப்பாவுக்கு வூடுங்க. பதினோரு வருசம் காத்திருந்தாரு. ஞாயித்துக்கெழமை என்ன செய்வீங்களோ செய்யுங்க." கதவைச் சாத்தினாள். சத்தமாகத்தான் சாத்தினாள், இன்னொரு புகாருக்கு இனி இடமில்லை.

விசாரணை சைக்கிள் ஷெட்டில் நடந்தது. சத்தம் பற்றிய விசாரணை என்பதால் எல்லாரும் மெதுவாகப் பேச வேண்டும் என்று வேணுகோபால் கேட்டுக்கொண்டார். அதைக் கேட்டு இரண்டு பிளாக் தள்ளிக் குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது. ராசாங்கம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தான். அங்கமுத்து கையில் துண்டைச் சுருட்டிக்கொண்டு, யார் பேசினாலும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாயவன் எழுந்து அந்தப் புகார்த் தாளை மேஜையில் மினிட்ஸ் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தான். தலை வாரி, சலவைச் சட்டை போட்டிருந்தான். "நான் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கிக்கறேங்க."

"முடியாது. விதி ஏழு."

"நான் மூணாவது தடவை கொடுக்கவேயில்லீங்க. அந்தத் தாள்ல தேதியே நீங்கதான் போட்டீங்க."

"கையெழுத்து உங்களதா, இல்லையா?"

"என்னதுதான்."

"அப்ப முடிஞ்சுது. சங்கம் ஆள் பாத்து வளையாது." வேணுகோபால் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

இருசம்மாள் எழுந்தாள். ஸ்டென்சில் தாள் கையில் இருந்தது. ராத்திரி பூரா அதைப் படித்துப் படித்து எழுத்தெல்லாம் விரலில் ஒட்டியிருந்தது. அவள் மனசில் இருந்தது செயலாளரை நாலு பேர் முன்னால் ஒரு குத்து குத்திவிட்டுப் போகலாம் என்பது மட்டும்தான்.

"சார், ஒரு சந்தேகம். விதி ஒம்போது. ஒரே குடும்பத்துக்குள்ள சத்தம் வந்தா சங்கம் தலையிடாதுன்னு போட்டிருக்கு. உங்க வூட்டுல காலையில காபி தம்ளர் பறக்குதே, அது எங்க வூட்டு உலக்கையைவிடச் சத்தங்க. அதுக்கு மட்டும் எப்படி விதிவிலக்கு?"

கூட்டம் சிரித்தது. வேணுகோபாலின் சம்சாரமும் சிரித்தாள். வேணுகோபாலுக்கு முகம் சிவந்தது. "அது குடும்ப விஷயம்மா! கட்டினவங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்! கீழ் வூட்டுக்காரன் யாரு, மேல் வூட்டுக்காரன் யாரு? அவரு உனக்கு என்ன உறவா?"

மாயவன் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டு நின்றான், யாரோ அவன் முன்னால் தட்டில் வைத்து நீட்டினது போல. பிறகு அங்கமுத்துவைப் பார்த்துத் திரும்பினான். ஆலையில் எல்லாரையும் போல அவனும் இதுவரை அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டிருந்தான்.

"மாமா" என்றான்.

அங்கமுத்துவுக்குக் கேட்கவில்லை. பாப்பாயிக்குக் கேட்டுவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன தம்பி?" என்றார் அங்கமுத்து.

"மாமா!"

"எதுவாயிருந்தாலும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு தம்பி. டிரில் மிஷின் காது."

மாயவன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். டி பிளாக் நலச் சங்கத்தின் வரலாற்றில் அதுவரை எழும்பாத ஓசை ஒன்று அப்போது எழும்பியது. "மாமா! உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் குடுக்கறீங்களா?"

சி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேர் ஜன்னலைத் திறந்தார்கள்.

அங்கமுத்து இப்போது மகளைப் பார்த்தார். காத்தாயி மகளைப் பார்த்தாள். ராசாங்கம்கூடப் பார்த்தான். இருசம்மாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. படிக்கட்டில் வந்து கேட்டிருக்கக் கூடாதா? கூடையில் ஒரு சீட்டு வைத்திருக்கக் கூடாதா? ஊரைக் கூட்டி, மினிட்ஸ் புத்தகத்தில் ஏறுகிற மாதிரியா கேட்பது? பிறகு அலாரம் வைத்து எழுந்து ஒட்டடைக் கம்பைத் தேடுகிற ஒரு ஆளின் உருவம் மனசுக்குள் வந்தது. அன்று விழுங்கின சிரிப்பு இப்போது தானாகவே வெளியே வந்துவிட்டது.

"எழுதிக்கங்க சார்" என்றாள் வேணுகோபாலிடம். "புகார் கொடுத்தவரு எங்க வூட்டு ஆளு. அஞ்சு மாசமா எங்க வூட்டுச் சோறுதான் தின்னாரு. விதி ஒம்போது."

"அதெப்படி? இன்னும் தாலி கட்டலியே!"

"தை மாசம்தானே நடக்குது" என்றாள் காத்தாயி. மூட்டுவலியை மறந்து எழுந்து நின்றிருந்தாள். "எந்த ஊரு, எந்தக் கொலசாமின்னு எல்லாம் புரட்டாசியிலயே விசாரிச்சு வச்சாச்சு. நான் சும்மாவா கூடையில கருவாடு அனுப்புனேன்?"

இருசம்மாள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா வேறு பக்கம் பார்த்தாள்.

வேணுகோபால் கடைசி முயற்சியாகப் பேனாவை உயர்த்தினார். "சரி! ஒரே குடும்பம்னே வச்சுக்குவோம்! அப்ப ஒரு குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு குவார்ட்டர்ஸ்? ஒண்ணைக் காலி பண்ணணும்!" ராசாங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அதற்குப் பதில் சொன்னது அங்கமுத்து. 'காலி' என்ற வார்த்தை மட்டும் அவருக்கு ஒரே தடவையில் கேட்டுவிட்டது. "டோக்கன் நம்பருக்குத்தான் வூடு சார். எனக்கு ஒரு டோக்கன், மாப்புள்ளைக்கு ஒரு டோக்கன். நீங்கதானே டைம் ஆபீஸ்ல தெனம் டிக் அடிக்கறீங்க?"

பாப்பாயி அதற்கு மேல் பொறுக்கவில்லை. நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். இன்னும் நாலு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். "இது விதி ஒண்ணு, விதி ரெண்டு, விதி நாலு..." என்று வேணுகோபால் எண்ணிக்கொண்டே எழுதத் தொடங்கினார். மணி பன்னிரண்டரை. ஞாயிற்றுக்கிழமையும் கல்லுக்கு லீவு கிடையாது. சுரங்கத்தில் வெடி வெடித்தது, ஷெட்டில் இருந்த சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்தன, மேஜையில் இருந்த மைப்புட்டி மினிட்ஸ் புத்தகத்தின் மேல் கவிழ்ந்தது. மூன்றாவது புகார் முழு நீலமாகிப்போனது.

தை இருபத்தெட்டில் அரியலூரில் ஒரு கோயிலில் கல்யாணம் நடந்தது. மேளத்துக்குச் சங்கத்தின் முன் அனுமதி வாங்கவில்லை. இருசம்மாள் பதினாறு படி இறங்கி மூன்றாம் நம்பருக்குக் குடிபோனாள். ராசாங்கம் இன்னும் வரிசையில் முதல் ஆளாகவே இருந்தான்.

உலக்கை மாடியிலேயே தங்கிவிட்டது. மாப்பிள்ளை வந்த சந்தோஷத்தில் காத்தாயிக்கு மூட்டுவலி ஓரளவு விட்டிருந்தது. அங்கமுத்துவுக்குப் பன் போய்க் கூழ் திரும்ப வந்திருந்தது. மாசி மாதம் ஒரு காலை, எட்டேகால் மணி. மாயவன் சி ஷிப்ட் முடித்து வந்து நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். முந்தின நாள் அலைச்சலில் தலை வலித்துப் படுத்திருந்த இருசம்மாளின் நெற்றியில், மேல்தளத்திலிருந்து சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது குத்தில் எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவுக்கு இவ்வளவு பலம் இருந்தும் இத்தனை வருஷம் உலக்கையைத் தன் தலையில் கட்டினாளே என்று பல்லைக் கடித்தாள். மூலையில் இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து ஓங்கி இரண்டு தட்டு தட்டினாள்.

உலக்கை நின்றது. மேலே திடுதிடுவென்று ஓடுகிற சத்தம். குடம் உருண்டது. குழாய்த் திருகு கிறீச்சிட்டது.

"எம் பொண்ணு எம் பொண்ணுதான்" என்று காத்தாயி பாப்பாயியிடம் சொல்வது வராந்தா வழியாகக் கேட்டது. "கீழ போயும் மறக்கலை பாரு, தண்ணி வந்ததும் தட்டிட்டா!"

இருசம்மாள் குழாயைத் திறந்து பார்த்தாள். அது வெறும் காற்றைத்தான் கக்கியது. மேலே போய்ச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். முக்கால் மணி நேரம் உத்தரவாதம். திரும்பிப் படுத்து, போர்வையை இழுத்துக்கொண்டாள்.